மருந்து பிச்சையன்று

பசித்தவனுக்குச் சோறிடுவதும் நோயுற்றவனுக்கு மருந்திடுவதும் தருமம் என்று நம்மவர் நெடுங்காலமாகப் பேசி வருகின்றனர். தருமம் என்ற அச்சொல்லிலே ஒரு சூது உண்டு. மனமிருந்தாற் கொடுக்கலாம், மனமில்லையேற் கையை விரிக்கலாம், கேட்பவனோ வாய் திறத்தலாகாது. உழைப்பவனுக்கு உரிமையாக வரவேண்டிய மருத்துவத்தை இச்சொல்லுக்குள் அடைத்து வைத்தவர் மூவர்: இலாபக் கணக்கு ஒன்றையே கண்ணாகக் கொண்ட வாணிகர், ஏசுதலும் புகழ்தலுமன்றி வேறறியாத அரசியல்வாதி, சட்டத்தைப் படிக்கத் தெரிந்தும் வாய் மூடிக் கிடக்கும் கிராணி. மூவரையும் இவ்விடத்தே கூண்டிலேற்ற விழைகின்றேன். மூன்றாமவன் நானே. ஆகலின் என்னிலிருந்தே தொடங்குவது முறை.

நான் சிலிபினிற் குடியிருப்பவன். ஆங்கிலம் பயின்ற காரணத்தால் பேராக் மாநிலத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் எனக்குக் கிராணி வேலை கிடைத்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, ஐம்பது வயது கடந்த குலை வெட்டுந் தொழிலாளி ஒருவர் நொண்டிக்கொண்டு வந்து என் மேசையருகே நின்றார்.

“கிராணி ஐயா, கால்ல முள்ளு ஏறிடுச்சு. ராத்திரி முழுக்கக் கடுப்பு. ஆஸ்பத்திரிக்குத் துண்டு ஒண்ணு குடுங்க” என்றார்.

“மேனேஜர் வெளியூர் போயிருக்காருண்ணே. அவர் கையெழுத்து இல்லாம நான் குடுக்க முடியாது. கொஞ்சம் பொறுத்துக்குங்க” என்றேன்.

அவர் பொறுத்துக்கொண்டார். பொறுத்துக்கொள்வதிலே நம் மக்களை வெல்வார் உலகில் எவருமிலர். தோட்டத்து மருந்துக்கூடம் பூட்டிக் கிடந்தது. டிரஸர் ஓய்வு பெற்றுச் சென்ற பின் அவ்விடத்துக்கு ஒருவரும் நியமிக்கப்படவில்லை. நிர்வாகம் அமர்த்திய மருத்துவரோ 18 மைலுக்கு அப்பால், பட்டணத்தில் இருந்தார். துண்டின்றிப் போனால் அன்றைய சம்பளம் போகுமே என்றஞ்சி, அம்மனிதர் காலிற் கந்தலைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். மேனேஜர் திரும்பியது ஒன்பதாம் நாள். கையெழுத்து வந்தது, பாதமோ அதற்குள் கறுத்துவிட்டது. தமக்கு நீரிழிவு உண்டென்பது அவருக்கே ஆஸ்பத்திரியிற்றான் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டனர்.

1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் என் முதுகுக்குப் பின்னாலிருந்த அலமாரியிலேயே இருந்தது. நோயுற்ற தொழிலாளி முதலாளியின் செலவிலே மருத்துவரிடம் காட்டிக்கொள்ளலாம் என்கிறது அது. அமர்த்தப்பட்ட மருத்துவர் தக்க நேரத்தில், தக்க தொலைவிற் கிடைக்கவில்லையாயின், பதிவு பெற்ற வேறு மருத்துவரிடமோ அரசாங்க மருத்துவரிடமோ சான்று பெறலாம் என்கிறது. 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு ஆண்டில் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியிற் படுக்க நேர்ந்தால் 60 நாள் வரை உண்டு. மேனேஜர் ஊர் திரும்பும் வரையில் நோய் காத்திருக்கவேண்டும் என்று அதில் ஒரு வரியும் இல்லை. அம்மனிதர் என் மேசையருகே வந்து நின்றதே போதிய அறிவிப்பு. அதை நான் அறியாமற் சொன்னேனா? அறிய முயலாமற் சொன்னேன். பாமரனின் அறியாமைக்கு மன்னிப்பு உண்டு. அலமாரிக்கு முன்னமர்ந்து சம்பளம் வாங்குகிறவனின் அறியாமைக்குச் சோம்பல் என்பதே சரியான பெயர்.

என் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். இனி மற்ற இருவரிடம் வருகின்றேன்.

தோட்டத்துக்கு மருந்து எவ்வாறு வந்தது? முதலாளியின் இரக்கத்தால் வந்தது என்பார் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1901இல் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் கிள்ளானுக்கு வந்தபோது, மலேரியா அவ்வூரையும் அருகே புதிதாய்த் திறந்த துறைமுகத்தையும் சூறையாடிக்கொண்டிருந்தது. கொசுவே அந்நோயைப் பரப்புவது என்பதை ரொனால்டு ராஸ் 1897இல் இந்தியாவில் கண்டு சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வாட்சன் சதுப்பை வடித்தார், காட்டை வெட்டினார், காய்ச்சல் தணிந்தது. குன்றுப் பாங்கான தோட்டங்களிலோ காட்டை வெட்டியதனாலேயே காய்ச்சல் பெருகிற்று. வெயில் பட்ட தெளிந்த ஓடையிலே பெருகும் வேறொரு கொசு அங்கே இருந்தது. அதைக் கண்டறிந்து, நிலத்தடிக் குழாயால் நீரை வடித்தும் எண்ணெய் தெளித்தும் ஒழிக்க முற்பட்டனர். இவ்வளவுக்கும் தோட்டக்காரர் பணம் தந்தது ஏன்? தமிழ்நாட்டிலிருந்து கப்பலேற்றிக் கொணர்ந்த ஆள் இறந்தால், வேறோர் ஆளைக் கொணரும் செலவு மிகும். கால்வாய் வெட்டுவது அதனினும் மலிவு. நம் பாட்டன்மார் பிழைத்தது இரக்கத்தால் அன்று, கூட்டல் கழித்தலால்!

கணக்கு கொடுத்ததைக் கணக்கே பறித்தும் கொள்ளும். எனவேதான் சட்டம் வேண்டியதாயிற்று. தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளரைப் பதிவு செய்ய 1965இல் ஒரு சட்டம். குடியிருப்பு, குழந்தைக் காப்பகம், மருத்துவ வசதி ஆகியவற்றுக்குக் குறைந்த அளவு இன்னதென வரையறுக்க 1990இல் ஒரு சட்டம். 2020இல் தோட்டத்துக்கு அப்பாலும் அதன் விரிவு. ஏட்டிலே குறையில்லை. டிரஸர் ஓய்வு பெற்றதும் மருந்துக்கூடத்துக்குப் பூட்டுப் போடுகிற கை, பூட்டுக்கு ஆகும் செலவை மட்டும் கணக்கிலே எழுதுகிறது. வெட்டப்பட்ட காலை எழுத அக்கணக்கிலே பத்தியே இல்லை. பற்று வரவு பார்க்கும் தொழிலிலே இருப்பவன் நான். ஆதலின் உறுதியாகச் சொல்வேன்.

“விலை இறங்கிவிட்டது; உரம் ஏறிவிட்டது; நாங்கள் வாணிகம் செய்கிறோம், அன்னசத்திரம் நடத்தவில்லை” என்பர் முதலாளிமார். வாணிகம் செய்க, யார் வேண்டாமென்றது? ஆனால் இயந்திரத்துக்கு எண்ணெய் விடும் செலவை எந்த முதலாளியும் தருமக் கணக்கில் எழுதுவதில்லை. மனிதனுக்கு மருந்திடும் செலவு மட்டும் ஏன் அக்கணக்குக்குப் போகிறது?

வாணிகம் வேறு வகையாக நடவாது என்பாருக்குச் சுங்கை சிப்புட்டே விடை கூறும். 1950களில் அந்நிய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுத் தொழிலாளரைத் தெருவில் நிறுத்தியபோது, அவ்வூர் வீ. தி. சம்பந்தன் தோட்டந் தோட்டமாக நடந்தார். பாலெடுப்போர் 10 வெள்ளி 10 வெள்ளியாகச் செலுத்திப் பங்கு சேர்க்க, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டே தோட்டம் வாங்கிற்று. உழைப்பவன் பங்குக்காரனாகவும் இருக்கலாம் என்பதைக் கையெழுத்துப் போடத் தெரியாதோர் செய்து காட்டினர். அச்சங்கத்திலும் குறை காண்பார் உளர், காண்க. முடியாது என்ற சொல்லை மட்டும் இனி எவரும் சொல்லற்க.

அடுத்து அரசியல்வாதி. இன்று நம் மேடைகளிலே இரண்டே பாட்டு. ஒன்று, தன் தலைவனைத் தெய்வமாக்கும் பாட்டு. மற்றொன்று, எதிரியின் பிறப்பையும் நிறத்தையும் குடும்பத்தையும் இழுக்கும் பாட்டு. இரண்டுக்கும் கைதட்டுகிறோம். மருந்துக்கூடம் ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று கேட்டாலோ, “நாகரிகமாகப் பேசுங்கள்” என்று நமக்கே உபதேசம் வருகிறது. அரசியல் நாகரிகம் என்பது பணிந்து பேசுவதோ? அன்று. அது யாதென அறிய ஈப்போவார் வெளியூருக்குப் போகவேண்டியதில்லை. ஊரிலே பூங்கா ஒன்றுக்குப் பெயராய் நிற்கும் டி. ஆர். சீனிவாசகத்தை நினைத்தாற் போதும். அவர் கல்வியமைச்சர் ஒருவர்மீது நாடாளுமன்றத்தில் ஊழற் குற்றம் சாட்டினார். “அவையின் காப்புக்கு வெளியே வந்து சொல்லுக” என்று அறைகூவல் எழுந்தது. 1964இல் அவர் வெளியே வந்து, பொது மேடையிலே சொன்னார். அமைச்சர் வழக்குத் தொடுத்தார், தோற்றார், 1965இற் பதவி துறந்தார். சொன்னதற்குப் பொறுப்பேற்றலே நாகரிகம். வழக்கு மன்றத்திலே நிற்கத் தயங்காத சொல் எவ்வளவு கடுமையாயினும் நாகரிகமே. நிழலில் நின்று வீசும் வசை எவ்வளவு மெல்லியதாயினும் அநாகரிகமே.

வாணிகரும் அரசியல்வாதியும் கைகோக்கும் இடம் ஒன்றுண்டு: அதுவே இலவச மருத்துவ முகாம். கட்டில் அகலத்துக்கு ஒரு போலிக் காசோலை, பன்னீர், பொன்னாடை, நிழற்படம். இரத்த அழுத்தம் பார்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, மாலைக்குள் பந்தலைப் பிரித்துப் போவர். மறுநாள் அத்தாளை யாரிடம் காட்டுவது? 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, இந்நாட்டு வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு உண்டென்றது; இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடமே அது மிகுதி. நாள்தோறும் மருந்தும் மாதந்தோறும் பரிசோதனையும் கேட்கும் நோய்க்கு, ஆண்டுக்கொரு பந்தலா?

கொடையை நான் பழிக்கவில்லை. கொடை இன்னதென்று பாப்பான் என்னும் சிற்றூரிலே காட்டினர் சிபில் கார்த்திகேசுவும் அவர் கணவராகிய மருத்துவரும். ஜப்பானியர் ஆட்சியில் ஊராருக்கும், மறைந்து போராடிய காயக்காரருக்கும் மருந்திட்டனர். 1943இற் பிடிபட்டு, அந்த அம்மையார் பட்ட சித்திரவதை 1948இல் அவர் உயிரையே கொண்டுபோயிற்று. ஈப்போவில் அடக்கமாகியிருக்கிறார். அவர் கொடுத்தபோது பந்தலில்லை, நிழற்படக்காரனில்லை, கதவைத் தட்டியவன் யாரென்ற விசாரணையுமில்லை. அப்பெயரைச் சொல்லிப் பெருமை கொள்ள வேண்டின், அந்த அளவுகோலையும் ஏற்றல் வேண்டும்.

“அரசாங்க ஆஸ்பத்திரியில் 1 வெள்ளிக்கு வைத்தியம் இருக்கையில் ஏன் இந்தக் கூச்சல்?” என்பர் சிலர். அந்த 1 வெள்ளி இந்நாட்டின் பெருமை. அதை ஒருக்காலும் மறுக்கேன். ஆனால் 18 மைலுக்கு வண்டிக் கூலி, இழந்த ஒரு நாட் சம்பளம், விடியலில் தொடங்கும் காத்திருப்பு ஆகிய இவற்றையுங் கூட்டினால் அந்த 1 வெள்ளி எத்தனை வெள்ளி ஆகிறது? பட்டணத்தாரும் இது தோட்டத்துக் கதை என்று ஒதுங்கற்க. 2024இல் மருத்துவக் காப்புறுதிச் சந்தா ஏறிய ஏற்றத்திலே அலறியவர் பட்டணத்தாரே. அவ்வாண்டின் இறுதியில் பேங்க் நெகாரா தலையிட்டு, ஏற்றத்தைக் குறைந்தது மூன்றாண்டுக்குப் பரப்புக என்று பணித்தது. தொழிலாளியை முள் குத்தினாற்போல உங்களைச் சந்தா குத்திற்று. நோயை இலாபக் கணக்கிலே மட்டும் வைத்துப் பார்த்தால் வரும் கேடு இரண்டும்.

இன்னொரு பேச்சும் நம்மவர் நாவிலே கேட்கிறேன்: “வங்காளதேசத்தான் வந்து நம் ஆஸ்பத்திரியை நிரப்பிவிட்டான்” என்று. தோழர்களே, சற்று நாணுவோம். பாட்டன் இருந்த லயத்திலே இன்று அவன் இருக்கிறான். பாட்டனைக் குத்திய கொசுவின் வழித்தோன்றலே அவனையும் குத்துகிறது. பிரட்டுக்களத்திலே அவன் பெயரை நான் அழைக்கும்போது, அவன் தலை குனிந்து நிற்கும் நிலையை எங்கோ கண்டாற்போலிருக்கும். வீட்டுச் சுவரில் தொங்கும் பழைய படத்திலேதான்! நமக்கு உரிமை என்று கேட்பதை அவனுக்குப் பிச்சை என்போமாயின், நாம் கேட்டதும் உரிமையன்று, பங்குச் சண்டையே என்றாகிவிடும்.

செய்யத்தக்கவை மூன்றே. ஒவ்வொரு பிரட்டுக்களத்திலும் நோய் விடுப்புச் சட்டம் தமிழிலும், அங்கு உழைப்போர் பிற மொழிகளிலும் எழுதித் தொங்கவிடப்படல் வேண்டும். மேடையேறி வாக்குக் கேட்பவரிடம், “இத்தொகுதியிலே பூட்டிய மருந்துக்கூடம் எத்தனை? திறக்கும் நாள் எது?” என்று கேட்டு, விடையைத் தேதியோடு எழுதி வாங்கல் வேண்டும். என் போன்ற கிராணிமார், நோயாளி வந்து நின்றால் முதலில் வண்டிக்குச் சொல்லியனுப்பி, கையெழுத்தைப் பிறகு தேடல் வேண்டும்.

மூன்றாவதற்கு எவர் உத்தரவும் வேண்டா. காலிழந்த அம்மனிதர் அண்மையில் என்னைக் கடைத்தெருவிலே கண்டு, “நல்லா இருக்கீங்களா ஐயா?” என்று கேட்டார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று மாலையே நோய் விடுப்புப் பகுதியைத் தமிழில் எழுதி முடித்தேன். மறுநாள் பிரட்டுக்களத்துத் தூணில் ஒட்டினேன். யாரேனும் கிழித்தால் மறுபடியும் ஒட்டுவேன்.