சாவியைத் தொடாதே!

பழைய இரும்புக்காரர் காரை மூன்று தடவை சுற்றி வந்தார். பிள்ளையாரைச் சுற்றுகிற மாதிரி இல்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அத்தை சுற்றுவாளே, அந்த மாதிரி. கடைசியில் பானெட்டில் ஒரு தட்டு தட்டிவிட்டு, "எண்ணூறு கிலோ தேறும் சார். கிலோ முப்பது ரூபா. எடையெல்லாம் போட வேணாம், இருபதாயிரமா முடிச்சுக்குவோம்" என்றார்.

எட்டு மூணு இருபத்து நாலு என்கிற வாய்ப்பாடு எனக்கும் தெரியும். "மிச்சம் நாலாயிரம் எங்கே?" என்றேன்.

"சீட்டு, கண்ணாடி, எலி எல்லாம் கழிக்கணும்ல சார்?"

எலியை அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பின் சீட்டுக்குள் ஒரு குடும்பம் ரேஷன் கார்டு இல்லாத குறையாகக் குடியிருந்தது.

கார், 1966 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அப்பா 1974-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. குரோம்பேட்டை வீட்டு ஷெட்டில் 1998 முதல் நின்றுகொண்டிருக்கிறது. 2025-ல் வீட்டை பில்டருக்குக் கொடுத்து ஃபிளாட் கட்டுவதாக முடிவாகி, நான்கு மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்று கையெழுத்தும் போட்டாகிவிட்டது. அம்மியைத் தூரத்து உறவில் ஒருத்தர் வாங்கிக்கொண்டார். காரை யாரும் கேட்கவில்லை.

"ஓடாத காரை எந்த ஃபிளாட்ல வைப்பீங்க? ஹால்லயா?" என்றாள் என் மனைவி. நியாயமான கேள்வி. அவள் கேட்பதெல்லாம் நியாயமான கேள்விகள்தான். அதுதான் கஷ்டமே.

அப்பாவுக்கு எண்பத்து நான்கு. அம்மா போன பிறகு இரண்டு வருடமாக அவருடைய அகராதி சுருங்கிப்போய் 'ம்', 'சரி', 'காபி' என்று மூன்றே சொற்களில் வந்து நின்றிருந்தது. காரை எடைக்குப் போடட்டுமா என்று கேட்டதற்கும் 'சரி' என்றுதான் சொன்னார். ஆனால் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக ஷெட்டைப் பார்த்தார்.

இரும்புக்காரரை அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டு, போவதற்குமுன் ஒரு தடவை ஸ்டார்ட் செய்துதான் பார்ப்போமே என்று புது பாட்டரி ஒன்று வாங்கி வந்தேன். ஆபீஸில் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பழகிய கை. பாட்டரியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைந்து, டேஷ்போர்டில் சாவியைப் போட்டேன்.

"சாவியைத் தொடாதேடா!"

வீடு அதிர்ந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை நிறுத்தியது. அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு வருடத்தில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

அடுத்த பத்து நிமிடத்தில் தடியை ஊன்றிக்கொண்டு ஷெட்டுக்கே வந்துவிட்டார். விஷயம் இதுதான். வருடக்கணக்கில் நின்ற இஞ்சினில் பிஸ்டனும் சிலிண்டரும் எண்ணெய் காய்ந்து, லேசாகத் துரு ஏறி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பாட்டரி போட்டு முரட்டுத்தனமாகச் சுற்றினால் ரிங் உடையும், சிலிண்டர் கோடு விழும். அதனால் முதலில் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, நாலைந்து நாள் ஊற விட வேண்டும். உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே தாத்தாவின் லாம்பி எதாவது கிடந்தால், உதைப்பதற்கு முன் இதே வைத்தியம்தான்.

எண்ணெய் விட வாட்டமாக எதுவும் கிடைக்கவில்லை. என் மனைவி உள்ளே போய் எங்கள் பையனுக்குப் பால் புகட்டிய பாலாடையைக் கொண்டுவந்து கொடுத்தாள். எட்டு நாள் அந்தக் காருக்கு விளக்கெண்ணெய் புகட்டாத குறைதான்.

ஹெரால்டைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அறுபதுகளில் கார் என்றால் மூன்று ரகம்தான். கல்கத்தா அம்பாசடர், பம்பாய் ஃபியட், நம் மெட்ராஸ் ஹெரால்டு. 1959-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று பிறந்து, 1961 முதல் வண்டலூருக்கு முன்னால் பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையிலிருந்து வர ஆரம்பித்தது. 948 சி.சி. இஞ்சின். உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. சாதாரண காருக்கு பானெட் மட்டும் திறக்கும். இதற்கு மட்கார்டு, ஹெட்லைட் சகிதம் மூக்கு மொத்தமும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் முன் டயர் மேல் திண்ணையில் உட்காருவதுபோல உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம்.

இன்னொரு விசேஷம், முழு பாடியாக வராமல் துண்டு துண்டாகச் செய்து சேஸிஸ் மேல் போல்ட் போட்டு முறுக்கியிருப்பார்கள். அங்கே அவர்களுக்கு பாடி செய்துகொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் கிடைத்த இடங்களில் துண்டுகளாகச் செய்து கோத்தார்கள். பெருங்களத்தூர்த் தொழிற்சாலை எண்பதுகளின் கடைசியில் நின்றுபோனது.

எட்டாம் நாள் பாய் வந்தார். எழுபது வயது. ஹெரால்டின் மூக்கைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, பழைய சிநேகிதனைப் பார்த்ததுபோல "இன்னாப்பா, நீ இன்னும் கீறியா?" என்றார். காரிடம்தான். பிளக் இல்லாமலே டாப் கியரில் போட்டு, பையனை விட்டு வண்டியை மெல்ல முன்னும் பின்னும் ஆட்டச் சொன்னார். ஆடியது. ஆடியது. பிறகு 'க்ளக்' என்று ஒரு சத்தம். ஃபேன் பெல்ட் ஓர் அங்குலம் நகர்ந்தது.

"சுத்துது சார்!"

அப்பா கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சரி, பெட்ரோல் ஊற்றி ஓட்டிவிடலாம் என்றேன். பாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மொதல்ல நிக்கட்டும் சார். அப்பால ஓடட்டும்."

பிரேக்கைச் சொன்னார். பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிற குணம் உண்டாம். இருபத்தேழு வருடம் உறிஞ்சிய ஈரம், சக்கரத்துக்குச் சக்கரம் சிலிண்டரைத் துருப்பிடித்து இறுக்கி வைத்திருந்தது. ஜாக்கியில் தூக்கினால், பின் சக்கரம் இரண்டும் வயசான கோழியின் கால் மாதிரி உள்பக்கம் மடங்கித் தொங்கின. பயந்துவிட்டேன். ஹெரால்டுக்கு அது வியாதி இல்லை, ஜாதகமே அப்படித்தான் என்றார் அப்பா. திருப்பத்தில் வேகமாகப் போய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின் சக்கரம் அப்படி மடங்கப் பார்க்குமாம். அப்பா ஏன் என் சிறு வயதில் எல்லாத் திருப்பத்திலும் கல்யாண ஊர்வலம் மாதிரி போனார் என்று அன்றுதான் புரிந்தது.

பிரேக் சிலிண்டர் ரப்பருக்காக ஜி.பி. ரோட்டில் இரண்டு சனிக்கிழமை, புதுப்பேட்டையில் மூன்று சனிக்கிழமை. "எந்த வண்டிக்கு?" என்பார்கள். ஹெரால்டு என்றால் கடையில் இருக்கும் இளைஞர் உள்ளே திரும்பி, "நைனா, உன் காலத்து கஸ்டமர்" என்று குரல் கொடுப்பார். ஒரு பெரியவர் எழுந்து வந்து, அட்டைப் பெட்டிகளுக்கு அடியில் துழாவி, விலையை விட அதிகமாகக் கதை சொல்லி எடுத்துக் கொடுப்பார். மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று இங்கே எழுத மாட்டேன். என் மனைவி இந்தப் பத்திரிகையை வாராவாரம் படிக்கிறாள்.

டயர் நாலும் பார்க்கக் கட்டை நிறைய பூவோடு இருந்தன. விரலால் அழுத்தினால் பக்கவாட்டில் வெடிப்பு தெரிந்தது. வயசான டயர் ஹைவேயில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும் என்று நாலையும் மாற்றச் செய்தார் பாய். கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டியிருந்தது வேறு. அதை அவர் விடுவித்த விதம் குடும்பப் பத்திரிகையில் எழுதத் தகாத வசனங்களோடு கூடியது.

டிக்கிக்குள் இருக்கும் பெட்ரோல் டாங்க்கைத் திறந்தபோது வார்னிஷ் கடை வாசனை அடித்தது. பெட்ரோல் காலப்போக்கில் பிசின் மாதிரி ஆகிவிடும். பைப்பிலும் கார்புரேட்டரின் ஜெட்டிலும் அடைத்துக்கொள்ளும். கீழே வடித்தால் தேநீர் நிறத்தில் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது.

"எல்லாம் சரியாச் செஞ்சு நிறுத்தியிருக்காரு பெரியவரு. ரேடியேட்டர் வடிச்சிருக்காரு, பாட்டரி கழட்டியிருக்காரு. இத மட்டும் ஏன் ஃபுல்லா வுட்டாரு?" என்றார் பாய்.

அப்பா கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. பிறகு என்னிடம், "நீ மாருதி வாங்கின வாரம்டா அது. உங்கம்மாவைக் கூட்டிண்டு இதுல மகாபலிபுரம் போயிட்டு வந்து நிறுத்திடலாம்னு டாங்க்கை ரொப்பினேன். மாருதில போலாமே, ஏ.சி. இருக்கேன்னா அவ" என்றார்.

அந்த மாருதிக்கு நான் இனிப்பு வழங்கியது ஞாபகம் இருக்கிறது. ஹெரால்டு எப்போது ஷெட்டுக்குள் போனது என்பது சத்தியமாக ஞாபகம் இல்லை.

டாங்க்கைக் கழுவி, சோலெக்ஸ் கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோல் பம்புக்குப் புது டயஃப்ரம் போட்டு, ரப்பர் ஹோஸ் அத்தனையும் மாற்றினோம். இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் சேர்ப்பதால் அந்தக் காலத்து ரப்பர் தாங்காது. டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, பாய் இடைவெளி எவ்வளவு என்று யோசித்தார். "பதினஞ்சு தௌ" என்றார் அப்பா, நாற்காலியில் இருந்தபடியே. "டாப்பெட் பத்து. பிளக் இருபத்தஞ்சு." மாத்திரை சாப்பிட்டாரா இல்லையா என்பதைக் காலையில்தான் மறந்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். பையன் பாட்டரியை மாட்டப் போனான். "தம்பி நில்லு! பாசிட்டிவ் எர்த்!" என்று கத்தல். அந்தக் காலத்து இங்கிலாந்து கார்கள் பலவற்றில் இப்போது மாதிரி நெகட்டிவ் இல்லை, பாசிட்டிவ்தான் பாடிக்குப் போகும். எங்களுடையதும் அந்த வகை. முதலில் பிளக் இல்லாமல் சுற்றி, ஆயில் விளக்கு அணைகிற வரை காத்திருந்தோம். பிறகு பிளக்கைப் போட்டு, பம்பின் கைநெம்புகோலைக் கட்டைவிரலால் அமுக்கிப் பெட்ரோல் ஏற்றி, சோக்கை இழுத்து... பாய் சாவியை என்னிடம் நீட்டினார். நான் அப்பாவிடம் நீட்டினேன்.

முதல் தடவை இருமல். இரண்டாம் தடவை ஏப்பம். மூன்றாம் தடவை ஒரு வெடி, பிறகு பத்மாசுரன் யாகம் மாதிரி புகை. எட்டு நாள் புகட்டிய எண்ணெய் அத்தனையும் எரிந்து வெளியே வந்தது. கொசு மருந்து வண்டி வந்துவிட்டதென்று தெருவில் ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்பட்டன. புகை அடங்கியபோது இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தையல் மிஷின் சத்தம். பின் சீட்டுக் குடும்பம் அன்றே காலி செய்தது, பில்டர் நோட்டீஸ் இல்லாமலே.

பதிவுப் புத்தகம் புதுப்பிக்கும் படலத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். ஐம்பது வருடம் தாண்டிய கார்களுக்கு 2021-ல் தனி விதி வந்திருக்கிறது. புதிதாகப் பதிய இருபதாயிரம் ரூபாய், பத்து வருடம் செல்லும், நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்று பெருமையாக எழுத்து. ஆனால் கண்காட்சி, ராலி மாதிரி காரியங்களுக்குத்தான் தெருவில் எடுக்கலாம், தினப்படி ஓட்டக்கூடாது. "கொலுவுல வைக்கவா இவ்வளவு பண்ணினோம்?" என்றார் அப்பா. எனவே மற்ற பழைய கார்கள் போல ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தோம். தாமதக் கட்டணம், வரி, பாய் கூட வந்து பிரேக் போட்டுக் காட்டியது எல்லாம் சேர்த்து ஆறு நாள் லீவு.

முதல் சவாரி எங்கே என்று அப்பாவைக் கேட்டேன். கோயில் என்பார் என்று நினைத்தேன். "பெருங்களத்தூர்" என்றார்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ், லாரி, கால் டாக்சிக்கு நடுவில் நாற்பதில் போனோம். பைக்கில் வந்த இளைஞர்கள் கட்டை விரலைக் காட்டினார்கள். இரும்புலியூர் தாண்டுவதற்குள் இஞ்சின் இரண்டு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது. பின்னால் ஒரு லாரி ஹாரனில் என் பரம்பரையை விசாரித்தது. நான் பாயின் நம்பரைத் தேடினேன்.

"எத்தனை லிட்டர்டா போட்டே?"

"அஞ்சு."

"அப்போ ரிசர்வ். டிக்கியைத் திற. டாங்க் மேல ஒரு நெம்புகோல் இருக்கும், திருப்பு."

இருந்தது. இவ்வளவு நாள் அது எதற்கென்றே தெரியாமல் துடைத்துக்கொண்டிருந்தேன். திருப்பினேன். இரண்டே இழுப்பில் பிடித்துக்கொண்டது.

தொழிற்சாலை இருந்த பக்கம் அப்பா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தேடியது எதுவும் அங்கே இல்லை. பிறகு ஒரு சின்னத் தெருவைக் காட்டித் திரும்பச் சொன்னார். முன்னே பின்னே எடுக்கப் போனேன். "ரிவர்ஸ் வேணாம். முழுசா ஒடி. இதுக்கு இருபத்தஞ்சு அடி போதும்." ஒரே சுற்றில் பம்பரம் மாதிரி திரும்பியது. மூலைக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் டம்ளரோடு எழுந்து நின்று பார்த்தார். அப்பா சிரித்தார்.

வீட்டுக்கு வந்தால் இரும்புக்காரர் வாசலில். அவரைப் பார்த்து மறந்தே போயிருந்தேன். ஓடி வந்து நின்ற காரைப் பார்த்துவிட்டு, "ஓடுற வண்டின்னா ரேட்டு வேற சார்" என்று ஆரம்பித்தார். என் மனைவி அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினாள்.

பில்டர் ஒப்பந்தத்தில் ஃபிளாட்டுக்கு ஒரு கார் பார்க்கிங்தான் உண்டு. வண்டி நம்பர் எழுத வேண்டிய இடத்தை நான் காலியாக விட்டிருந்தேன். அன்றிரவு எடுத்துப் பார்த்தால் அவள் கையெழுத்தில் ஹெரால்டின் நம்பர் இருந்தது.

"அப்போ நம்ம கார்?" என்றேன்.

"தெருவுல நிக்கட்டும். அதுக்குத்தான் ஏ.சி. இருக்கே" என்றாள்.