பசியிற் பிறந்த பலகாரங்கள்

ஒரு நாட்டின் பெருமையை அதன் மாளிகைகளிலும் கோபுரங்களிலும் காண்போர் பலர். அந்நாட்டுப் பொதுமக்கள் வாழ்ந்த வாழ்க்கையை அறிய விரும்புவோர், வீதியோரத்துப் பலகாரக் கடைகளையும் நோக்குதல் வேண்டும். இவ்வாரம் இத்தாலிய நகரங்கள் சிலவற்றின் வீதிகளிலே சிறிது நடந்து வருவோம்.

வட இத்தாலியத் துறைமுகமாகிய ஜெனோவாவில் 'பரினாத்தா' என்றோர் அடை உண்டு. கடலைமா, நீர், உப்பு, ஒலிவ எண்ணெய் ஆகிய நான்குமே அதற்கு வேண்டுவன. கரைத்த மாவைச் சில மணி நேரம் ஊறவிட்டு, மேலெழும் நுரையை நீக்கி, அகன்ற செப்புத் தட்டிலே மெல்லிதாக ஊற்றி, விறகெரியும் போறணையில் வேகவைப்பர். 1284ஆம் ஆண்டில் மெலோரியாக் கடற்போரிலே பீசா நகரத்தாரை வென்று மீண்ட ஜெனோவாக் கப்பல்கள் புயலில் அகப்பட்டன என்றும், கப்பலிலிருந்த கடலைமாவும் எண்ணெயும் கடல்நீரோடு கலந்து குழம்பாயின என்றும், அதனை வெயிலில் உலர்த்தி உண்ட மாலுமிகள் அதன் சுவையைக் கண்டனர் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், உணவை வீசியெறிய மனமில்லாத மக்களின் இயல்பு அதிற் புலனாகின்றது.

அதே அடையை லிவோர்னோ நகரத்தார் பாணுக்குள் வைத்து உண்பர். அதன் பெயர் 'ஐந்தும் ஐந்தும்'. ஐந்து சதத்துக்குப் பாண், ஐந்து சதத்துக்கு அடை என்று முன்னாளிலே கேட்டு வாங்கிய வழக்கமே பெயராய் நிலைத்தது. இத்தாலியின் லீரா நாணயம் 2002ஆம் ஆண்டில் வழக்கொழிந்தது. பலகாரத்தின் பெயரோ மறையவில்லை.

தெற்கே, சிசிலித் தீவின் தலைநகரான பலேர்மோவில், கடலைமாவை நீரிலிட்டுக் காய்ச்சிக் களியாகக் கிண்டி, பரப்பி ஆறவிட்டு, துண்டு துண்டாக நறுக்கி எண்ணெயிற் பொரிப்பர். இதுவே 'பனெல்லே'. எள்ளுத் தூவிய பாணுக்குள் இதனை வைத்து, எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து உண்பர். இறைச்சி வாங்க இயலாதாரின் வயிற்றை நிறைத்த உணவு இது.

அந்நகரில் டிசம்பர் 13ஆம் நாள் புனித லூசியாவின் திருநாளாகும். கொழும்பு கொட்டாஞ்சேனைப் பேராலயம் விளங்குவதும் இப்புனிதையின் பெயராலேயே. 1646ஆம் ஆண்டிற் கொடிய பஞ்சம் நிலவியபோது, அத்திருநாளிலே தானியக் கப்பலொன்று கரைசேர்ந்தது என்பதும், கோதுமையை மாவாக அரைக்கும் வரையும் பொறுக்க மாட்டாத மக்கள் அதனை முழுமணியாகவே அவித்துண்டனர் என்பதும் மரபு. இன்றும் அந்நாளிலே பாணையும் பாஸ்தாவையும் தவிர்த்து, அவித்த கோதுமையாலான 'குச்சீயா'வையும், பனெல்லேயையும், சோற்றுருண்டைக்குள் இறைச்சிக்கறி பொதிந்து பொரித்த 'அரஞ்சீனா'வையும் உண்கின்றனர். சிறு தோடம்பழம் என்பது அரஞ்சீனா என்னும் சொல்லின் பொருள். பலேர்மோவார் அதனைப் பெண்பாலாக வழங்க, அத்தீவின் கட்டானியா நகரத்தார் 'அரஞ்சீனோ' என ஆண்பாலாக்குவர். ஓயாத இவ்வழக்கிலே, இத்தாலிய மொழிக் கழகமாகிய குருஸ்கா, இரண்டும் சரியே என 2016ஆம் ஆண்டிற் கூறியது!

இனி, நேப்பிள்ஸ் நகரம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் வறுமை மலிந்த காலத்திலே, பெண்கள் பலர் தம் வீட்டு வாயிலிலேயே எண்ணெய்ச் சட்டியை ஏற்றி, மாவைப் பொரித்துப் பீற்சா விற்றனர். 'இன்று உண்க, எட்டாம் நாள் தருக' என்பது அவர்தம் வியாபார முறை. கையிற் காசில்லாதவனும் மானங் குன்றாது பசியாறினான். கடன் கொடுத்தவளும் செல்வியல்லள் என்பதை நாம் நினைத்தல் வேண்டும். 2017ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் நேப்பிள்ஸ் பீற்சாக் கலையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

ஏழையர் உண்ட இப்பலகாரங்களை இன்று செல்வரும் விரும்பி உண்கின்றனர். பலேர்மோ மக்களோ, ஆண்டிலொருநாள் பாணைத் துறந்து, தம் முன்னோர் பட்ட பசியையும் நினைவுகூருகின்றனர். எளிய பலகாரமொன்றைப் பரிமாறும்போது, அது எக்காலத்தில், எத்தகையோர் கையிற் பிறந்தது என்பதையும் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பது பெற்றோர்க்கு அழகாகும்.