டெக்னோவும் ஹவுஸும் ஒண்ணா? யாருங்க சொன்னது?

"எல்லாமே டொம் டொம் டொம்தானே, இதுல என்ன ஹவுஸு, டெக்னோ?"ன்னு யாராவது கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வருது. இன்னொரு கோஷ்டி இருக்கு, வேகத்தை எண்ணிப் பார்த்தே பிரிச்சுடுவாங்களாம். நிமிஷத்துக்கு 128 அடி ரெண்டுலயும் வருமே சாமி, அப்ப என்ன செய்வீங்க?

அந்த 'டொம்'மை விட்டுடுங்க. அது பொதுச்சொத்து. ரெண்டு பேருமே ரோலண்ட் 909 மாதிரி டிரம் மெஷினைத்தான் தட்டினாங்க. டொம்முக்கு நடுவுல என்ன நடக்குதுன்னு கேளுங்க.

ஹவுஸ்ல ரெண்டு டொம்முக்கு நடுவுல 'ட்ஸ்ஸ்'னு திறந்த ஹை-ஹேட் விழும். ரெண்டாவது, நாலாவது அடியில கைத்தட்டல். பேஸ் துள்ளும். மேல பியானோ, ஆர்கன், சர்ச்சுல பாடுற மாதிரி உருகுற குரல். 1986ல வந்த மார்ஷல் ஜெஃபர்சனோட 'மூவ் யுவர் பாடி' கேளுங்க, பியானோ பிச்சு உதறும்.

டெக்னோ ஆளை உருக்காது, உள்ளே இழுக்கும். குரல் அபூர்வம். சின்னதா ஒரு சிந்தசைசர் துணுக்கு திரும்பத் திரும்ப வரும், ஆனா ஃபில்டரைத் திருகத் திருக அதோட நிறம் மாறிக்கிட்டே இருக்கும். மெலடியைவிட ஒலியோட சொரசொரப்புதான் அங்க விஷயம்.

"அப்ப கெவின் சாண்டர்சனோட 'பிக் ஃபன்'ல பாட்டு இருக்கே? சிகாகோவோட 'ஆசிட் டிராக்ஸ்' வெறும் மெஷின் சத்தம்தானே?"ன்னு மடக்குவாங்க. இருக்கட்டுமே! அந்தி நேரம்னு ஒண்ணு இருக்கிறதால பகலும் ராத்திரியும் ஒண்ணாயிடுமா?

இதுக்கு ஏன் இவ்வளவு டென்ஷன்னு கேக்கறீங்களா? 1979 ஜூலை 12, சிகாகோ பேஸ்பால் மைதானத்துல டிஸ்கோ ரெக்கார்டுகளைக் குவிச்சு வெடி வெச்சுத் தகர்த்தாங்க. அதே ஊர்லதான், கறுப்பின ஓரினச்சேர்க்கையாளர்கள் கூடின 'வேர்ஹவுஸ்' கிளப்புல ஃபிராங்கி நக்கிள்ஸ் டிஸ்கோவைச் சாகவிடாமக் காப்பாத்தினார். ஹவுஸ்ங்கிற பேரே அந்த கிளப்புலேருந்து வந்ததுதான். டெக்னோ டெட்ராய்ட்காரங்களோடது. ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, சாண்டர்சன்னு கார் ஃபேக்டரி ஊர்ப்பக்கத்துக் கறுப்பினப் பசங்க ஜெர்மனியோட கிராஃப்ட்வெர்க்கையும் அமெரிக்க ஃபங்க்கையும் சேர்த்துக் கேட்டு உருவாக்கினது. 1988ல லண்டன்ல வெளியான தொகுப்போட தலைப்புலயே 'டெட்ராய்ட்'னு போட்டிருக்கு. பெர்லின்ல 'ட்ரெசார்' கிளப் திறந்ததே 1991லதான். ஆனா இன்னிக்கு டெக்னோன்னா பெர்லின் சரக்குன்னு கூசாம சொல்றாங்க!

"எல்லாம் ஒண்ணுதான்"னு சொல்றது பெருந்தன்மை மாதிரி தெரியும். ஆனா அது யாரோட உழைப்புன்னு கேக்காம இருக்கறதுக்கு ரொம்ப வசதியான வழி. பேரை அழிச்சா ஊரை அழிக்கலாம், ஊரை அழிச்சா ஆளையும் அழிச்சுடலாம்.

ஒரு நல்ல ஹெட்ஃபோனை மாட்டுங்க. மேல சொன்ன பாட்டைக் கேளுங்க. அடுத்ததா 1985ல அட்கின்ஸ் 'மாடல் 500'ங்கிற பேர்ல விட்ட 'நோ யூஎஃப்ஓஸ்' கேளுங்க. அப்புறமும் ஒண்ணுதான்னு தோணினா, காதை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க :-)