குயில் கூவுகிறது, புல்வெளிச் சிலம்பனை யார் எண்ணுவது?

திஞ்சான் நெருங்கினால் யாங்கூனில் இரண்டு அடையாளங்கள் வந்துவிடும். ஒன்று படௌக் பூ. மற்றொன்று குயிலின் குரல். கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் நம்மவர்கள் பேச்சும் அப்போது பறவைகள் பக்கம் திரும்பும். "இந்த வருஷம் குயில் சத்தம் அதிகம்" என்பார் ஒருவர். "சிட்டுக்குருவியைத்தான் காணோம்" என்பார் இன்னொருவர். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒரு வருடத்தை அடுத்த வருடத்தோடு ஒப்பிட்டு மட்டும் நாம் எந்த முடிவுக்கும் வர முடியாது.

தமிழ்நாட்டின் வேடந்தாங்கலை நினைத்துப் பாருங்கள். ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டும் நாரைகளும் கொக்குகளும் வடகிழக்குப் பருவமழையை நம்பி வருபவை. மழை பொய்த்து ஏரி வறண்டால் அந்த ஆண்டு கூடுகள் வெகுவாகக் குறையும். அடுத்த ஆண்டு ஏரி நிரம்பினால் பறவைகள் திரும்பி வரும். இது ஆண்டுக்கு ஆண்டு வரும் ஏற்ற இறக்கம். இதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. ஏரியே இல்லாமல் போனால் அது வேறு கதை. அந்த வீழ்ச்சியிலிருந்து எந்த மழையும் பறவைகளை மீட்டுக் கொடுக்காது. முதல் வகை மாற்றத்தையும் இரண்டாம் வகை மாற்றத்தையும் பிரித்தறிவதுதான் பறவைக் கணக்கெடுப்பின் வேலை.

இரண்டாம் வகை மாற்றத்துக்கு யாங்கூனைச் சுற்றியே ஒரு பாடம் இருக்கிறது. ஜெர்டன் சிலம்பன் என்பது சிட்டுக்குருவி அளவிலான பழுப்பு நிறப் பறவை. மெட்ராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்து, தென்னிந்தியப் பறவைகளைப் பட்டியலிட்ட டி.சி. ஜெர்டன் 1862இல் தயெட்மியோ அருகே கண்டு விவரித்தது. அதனால்தான் இந்தப் பெயர். உயரமான புல் நிறைந்த ஆற்றுச் சமவெளிதான் இதன் வீடு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாங்கூனைச் சூழ்ந்த ஐராவதி, சித்தாங் சமவெளிகளில் இது சாதாரணமாகக் காணப்பட்டது. பிறகு 1941 ஜூலையில் பகோ வட்டாரத்தின் மியிட்சோ அருகே பார்த்ததே கடைசிப் பதிவு. இந்தப் பறவையின் பர்மியக் கிளை அழிந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள்.

புல்வெளி எங்கே போனது? வயலாகிவிட்டது. 1852இல் பிரிட்டிஷார் கீழ்ப்பர்மாவைப் பிடித்தபோது அங்கு நெல் விளைந்த நிலம் 10 லட்சம் ஏக்கருக்கும் குறைவு. 1930களில் அது 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. காட்டையும் புல்லையும் திருத்தியவர்களில் பெரும்பாலோர் பர்மிய விவசாயிகள். அதற்குக் கடன் கொடுத்தது செட்டிநாட்டுப் பணம். அறுவடைக்கும் அரிசி ஆலைக்கும் வந்து உழைத்தவர்களில் நம் பாட்டன்மாரும் உண்டு. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உலகமே அந்த அரிசியைச் சாப்பிட்டது. ஆனால் அந்தக் கணக்கின் மறுபக்கத்தில் ஒரு பறவையின் வீடும் இருந்தது என்பதை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

அந்தக் கடைசிப் பதிவின் காலத்தையும் கவனியுங்கள். ஐந்தே மாதத்தில், 1941 டிசம்பர் 23 அன்று, ரங்கூன் மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. நம் குடும்பங்கள் கால்நடையாகவே இந்தியாவை நோக்கிக் கிளம்பின. புல்வெளியில் பறவை தேட யாருக்கு நேரம்?

2014 மே 30 அன்று, வேறு ஆய்வுக்காக அதே மியிட்சோ பகுதிக்குச் சென்ற ஒரு குழு, கைவிடப்பட்ட வேளாண் நிலையத்தைச் சுற்றியிருந்த புல்லில் ஒரு குரலைக் கேட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கம், மியான்மர் அரசின் வனவிலங்குத் துறை, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் அதில் இருந்தார்கள். குரலைப் பதிவு செய்து திருப்பி ஒலிக்கவிட்டதும் சிலம்பன் வெளியே வந்தது. அடுத்த இரண்டு நாட்களில் இன்னும் பல இடங்களில் கிடைத்தது. 73 ஆண்டுகள் "இல்லை" என்று நம்பிய பறவை, கொஞ்சம் புல் மிஞ்சிய இடத்தில் இருந்திருக்கிறது.

நல்ல செய்திதான். ஆனால் கண்டுபிடிக்கப்பட்டது என்பதால் எண்ணிக்கை பெருகிவிட்டது என்று பொருள் இல்லை. மிஞ்சிய அந்தப் புல்லும் உழப்பட்டால், அடுத்த முறை தேடுபவர்களுக்கு வெறும் ஒலிப்பதிவுதான் மிஞ்சும்.

மியான்மரில் ஜனவரி மாதம் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அது பெரும்பாலும் வலசை வரும் பறவைகளுக்கான கணக்கு. கோடையில் இங்கேயே கூடு கட்டும் பறவைகளின் நிலையை அது சொல்லாது. அதற்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை அதிகாலையில், அதே இடத்தில், அதே நேரம், அதே முறையில் ஆண்டுதோறும் எண்ண வேண்டும். பிரிட்டனில் 1994 முதல் தன்னார்வலர்கள் ஒரே ஒரு கிலோமீட்டர் சதுரங்களில் நடந்து இப்படித்தான் எண்ணுகிறார்கள். ஒரே தேதியை மட்டும் பிடித்துக்கொண்டால் நம் ஊரில் ஏமாறுவோம். மழை பிந்தினால் தூக்கணாங்குருவி கூடு கட்டுவதும் பிந்தும். அது குறைவு ஆகாது, தாமதம்தான். ஆகவே ஒரு பருவத்தில் இரண்டு மூன்று முறையாவது எண்ண வேண்டும்.

பெரிய ஆய்வகம் தேவையில்லை என்பதற்கு இந்தியாவே சாட்சி. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சுமார் 30,000 பறவை ஆர்வலர்களின் பதிவுகளால் உருவானது. நீண்டகாலப் போக்கை அறிய முடிந்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்திருக்கிறது. குயிலோ கூடியிருக்கிறது. குயிலின் குரலை மட்டும் கேட்டு "பறவைகள் நன்றாக இருக்கின்றன" என்று நாம் நினைத்தால் எவ்வளவு தவறாகும் என்பதை இந்த ஒரு முரணே காட்டும். காக்கைக் கூட்டில் முட்டையிடும் குயிலுக்கு நகரம் ஒத்துப்போகிறது. புல்லை நம்பிய பறவைக்கு ஒத்துப்போவதில்லை.

இன்றைய நிலைமையில் பைனாகுலரோடு வயல்வெளிகளில் அலைவது எல்லோருக்கும் இயலாது. வீட்டு மாடியில் நின்று எண்ணலாம், கோயில் குளக்கரையில் எண்ணலாம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நான்கு நாட்களும் பறவை எண்ணும் வழக்கம் இருக்கிறது. பொங்கல் வைக்கும் நமக்கும் அது பொருந்தும். திஞ்சான் விடுமுறையிலும் காலை பதினைந்து நிமிடம் ஒதுக்கினால் கோடைக் கணக்கும் தொடங்கிவிடும். ஒரு நோட்டில் தேதி, நேரம், இடம், எண்ணிக்கை. எதுவும் தென்படாத நாளிலும் "இல்லை" என்று எழுத வேண்டும்.

முதல் ஆண்டு அந்த நோட்டு எதையும் சொல்லாது. பத்தாவது ஆண்டில் பேசத் தொடங்கும். அப்போது நம் பிள்ளைகளால் "குருவியைக் காணோம்" என்பதோடு நிற்காமல், எப்போதிலிருந்து, எந்தத் தெருவில் காணோம் என்றும் சொல்ல முடியும்.