‘போச்சு’ என்று சொல்வதற்கு முன்

ஓடாத கல்யாண டிவிடியை ஒரே ஒரு டிரைவில் போட்டுப் பார்த்துவிட்டு, ‘போச்சு சார்’ என்று திருப்பிக் கொடுப்பது எங்கள் தொழிலில் வழக்கமாகிவிட்டது. கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்து, இப்போது பழைய தட்டுகளிலிருந்து படத்தை மீட்டுத் தருகிறவன் நான். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த டிரைவுக்குப் படிக்க வரவில்லை என்பதற்காகத் தட்டில் படமே இல்லை என்று எப்படிச் சொல்வது?

விசிடியை எடுத்துக்கொள்வோம். 2000களின் தொடக்கத்தில் மாப்பிள்ளை அழைப்பு ஒரு தட்டு, முகூர்த்தம் ஒரு தட்டு என்று பிரித்துக் கொடுப்போம். ஒன்றில் 74 அல்லது 80 நிமிடம். இன்று அதில் படம் இருக்கும் டாட் (.DAT) ஃபைலை பென்டிரைவுக்கு இழுத்தால், பாதியில் பிழைச் செய்தி வந்து காப்பி நின்றுவிடும். வீட்டுப் பையன் ‘கரப்ட்’ என்று தீர்ப்பு எழுதிவிடுவான். விஷயம் வேறு. அதிக நிமிடம் கொள்ள வேண்டும் என்பதற்காக, டேட்டா சிடியில் இருக்கும் கூடுதல் பிழைதிருத்தத்தை விசிடியில் விட்டுவிட்டார்கள். கீறல் விழுந்த இடத்தைப் பழைய விசிடி பிளேயர் தாண்டிப் போகும். கணினி அங்கேயே முரண்டு பிடிக்கும். ஒரு நொடிப் படத்துக்கு 75 செக்டர் (தகவல் துண்டு). அதில் பத்து போனால் தாலி கட்டும்போது படம் கணநேரம் கட்டம் கட்டமாகச் சிதறும், அவ்வளவுதான். ஐசோபஸ்டர் போன்ற மென்பொருளால் செக்டர் செக்டராக எடுத்துவிடலாம். அந்தக் கணநேரத்துக்காக 74 நிமிடத்தையும் குப்பையில் போடுவானேன்?

துபாய் மாமா கொண்டுவந்த ஹேண்டிகேமின் 8 செ.மீ. குட்டி டிவிடி இன்னொரு ரகம். கொள்ளளவு 1.4 ஜிபி. எடுத்து முடித்ததும் கேமராவிலேயே ஃபைனலைஸ் செய்திருக்க வேண்டும். மாமா செய்திருக்க மாட்டார். கணினி அதைக் காலி டிஸ்க் என்று சொல்லி, ஃபார்மேட் செய்யட்டுமா என்றுகூடக் கேட்கும். தயவுசெய்து சரி என்று அழுத்தாதீர்கள். எல்லாப் பக்கமும் அச்சாகி, பொருளடக்கம் மட்டும் அச்சாகாத புத்தகம் அது. கேமரா உயிரோடு இருந்தால் அதிலேயே ஃபைனலைஸ் செய்து பார்க்கலாம்; இல்லாவிட்டாலும் மென்பொருள் தேடி எடுக்கும்.

சினிமா டிவிடியில் குழிகள் அச்சில் வார்த்தவை. நாங்கள் ரைட் செய்து கொடுத்ததோ லேசர் சூட்டில் மாறும் சாயப் படலம். வெயிலும் வெக்கையும் அதற்கு ஆகாது. ஜன்னலோர ஷோகேஸில் வைத்த தட்டு கீறலே இல்லாமல் கெட்டுப்போவது இப்படித்தான். சிடி, விசிடி என்றால் லேபிள் பக்கக் கீறல்தான் ஆபத்து. மேல்பூச்சுக்கு அடியிலேயே படலம் இருக்கிறது. டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, ஊசித்துளையாக வெளிச்சம் தெரிந்தால் அந்த இடம் போனதுதான்.

ஆகவே முதல் வேலை பாலிஷ் அல்ல, பேஸ்ட் போட்டுத் தேய்ப்பது நிச்சயமாக அல்ல. (யார் கிளப்பிவிட்ட வைத்தியமோ!) மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்து, முடிந்த மட்டும் படித்து, தட்டை அப்படியே நகலெடுத்த இமேஜாகச் சேமிக்க வேண்டும். டிவிடிக்கு ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. எளிதாகப் படிக்க வருவதை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு பிறகு திரும்பி வரும். அதே குறிப்போடு தட்டை வேறு டிரைவுக்கு மாற்றி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படித்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பழைய டெஸ்க்டாப் ரைட்டர்களைக் காயலான் கடைக்குப் போடாமல் வைத்திருப்பது அதனால்தான். இப்போது வரும் லேப்டாப்களில் பெரும்பாலும் டிரைவே இல்லை. தட்டு தாங்கினாலும் அதைப் படிக்கும் கருவி கிடைக்க வேண்டுமே!

வருகிறவர்கள் முழுப் படம் கேட்பதும் இல்லை. ரோஜாப்பூவுக்குள் மணமக்கள் சுழலும் எங்கள் கிராஃபிக்ஸ் யாருக்கும் வேண்டாம். பந்தியில் பாட்டி பரிமாறும் இரண்டு நிமிடம் கிடைத்தால் போதும் என்கிறார்கள். எந்த இடம் வேண்டும் என்று கேட்காமலேயே ‘போச்சு’ என்பது சோம்பேறித்தனம். எவ்வளவு படிக்க முடிந்தது, எது விடுபட்டது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எடுத்த இமேஜோடு பழைய தட்டையும் திருப்பித் தர வேண்டும். நான் விட்ட செக்டரை வேறொரு கடையின் டிரைவ் படிக்கலாம்.