பொய்க்கதை படிக்கட்டும், விடுங்கள்!

பிள்ளைக்குப் பத்து வயசு. காலையில் ராகிக் கஞ்சி குடித்தானா, முருங்கைக்கீரை சாப்பிட்டானா, பூச்சி மாத்திரை போட்டாச்சா... இதெல்லாம் நம் தாய்மார்களுக்கு அத்துப்படி. தடுப்பூசி அட்டையைக்கூட இன்னும் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். சபாஷ்! ஆனால், ‘ராத்திரி தூங்கும்முன் என்ன கதை படித்தான்?’ என்று கேட்டுப் பாருங்கள். "கதைக்கெல்லாம் எங்கீங்க நேரம்? பாடமே படிக்கறதில்ல" என்று பதில் வரும்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். "பூதம், பறக்குற பாய், பேசுற பொம்மைன்னு பொய்க்கதையாப் படிச்சா புத்தி கெட்டுப் போயிராதுங்களா? நாலு நீதிக்கதை, பொது அறிவுப் புஸ்தகம் இருந்தாச் சொல்லுங்க!"

என் கட்சி வேறு. ஒன்பது வயதிலிருந்து பன்னிரண்டு, பதிமூன்று வயதுவரை உள்ள பிள்ளைக்கு, வேடிக்கையும் மாயாஜாலமும் கொஞ்சம் பயமும் கலந்த நீளமான சாகசக் கதை அவசியம் வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் என்று நாம் எழுதி வைத்திருக்கும் பட்டியலில் அதையும் சேர்த்தாக வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒன்று. குண்டடத்துக்காரர்கள் அற்புதக் கதையைப் பார்த்து முகம் சுளிப்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது! நம் ஊர் வடுகநாதர் கோயில் கதை என்ன? மிளகு மூட்டையோடு வந்த வியாபாரி, கேட்டவரிடம் ‘இது மிளகில்லை, பாசிப்பயறு’ என்று பொய் சொல்லிவிடுகிறான். பிறகு மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால் அத்தனையும் பாசிப்பயறு! பெரியவர்களுக்கு அது பக்தி. மடியில் உட்கார்ந்து கேட்ட பிள்ளைக்கோ, கண்ணை விரிய வைத்த மாயம். அண்ணன்மார் சாமி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பொன்னர், சங்கர், தங்காள், கிளி, மலைபோல் வரும் கொம்பன் என்கிற பன்றி... உடுக்கையடித்துப் பாடினால் ஒரு ராத்திரியில் முடியாது. காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் 1965-ல் அந்தப் பாட்டை ஒலிப்பதிவு செய்த கனடா ஆய்வாளர் பிரெண்டா பெக், பிற்பாடு அதைக் கார்ட்டூன் படமாகவே எடுத்தார். வெளிநாட்டுக்காரருக்குத் தெரிந்த அருமை நமக்குத் தெரியாமல் போய்விட்டது, பாருங்கள்!

அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தன் வாளும் கையுமாகச் சுடுகாட்டில் நடந்து வர, தோளில் பிணம் தொங்குமே, அந்தப் படத்தை வரைந்த ஓவியர் சங்கர்கூட நம்ம பக்கத்து ஆள்தான். தாராபுரம் வட்டாரத்துக் காரத்தொழுவில் 1924-ல் பிறந்தவர். சுமார் அறுபது வருஷம் அந்தப் பத்திரிகைக்கு வரைந்து, 2020-ல் காலமானார். அடுத்த வருஷம் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பிணம் பேசும் கதையைப் படித்துத்தான் இன்றைய தாத்தா பாட்டிகள் வளர்ந்தார்கள். யாருக்கும் புத்தி கெட்டுப் போகவில்லையே!

சரி, இப்போது அந்தக் கதையைச் சொல்ல ஆள் எங்கே? அம்புலிமாமா வருவதில்லை. அம்மா பவர் டேபிளில், அப்பா கட்டிங்கில். ஒன்றரை ஷிப்ட் முடிந்து கம்பெனி வண்டி ஊருக்குள் வரும்போது ராத்திரி ஒன்பதரை, பத்து ஆகிவிடுகிறது. முன்பாவது திண்ணையில் ஆத்தா இருந்தாள். இப்போது அவளும் பிசிறு வெட்டப் போய்விடுகிறாள். அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? சனிக்கிழமை சம்பளத்தில் வட்டி கட்ட வேண்டியிருக்கிறது. ஆக, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைக்கு நாலஞ்சு மணி நேரத்துக்குத் துணை செல்போன்தான்.

செல்போனிலும் பேய் வருகிறதே, மாயாஜாலம் வருகிறதே என்று கேட்பீர்கள். வருகிறது. அரை நிமிஷம் வந்து பயமுறுத்திவிட்டு, அடுத்த விநாடி வேறொன்றுக்குத் தாவிவிடுகிறது. பயம் தொடங்குகிறது, முடிவதில்லை. முடியாத பயத்தோடு பிள்ளை போர்வைக்குள் போகிறது. புத்தகத்தில் அப்படியில்லை. குகைக்குள் போகும் சிறுவன் மூன்றாம் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டால், ஒன்பதாம் அத்தியாயத்தில் எப்படியோ வெளியே வருகிறான். நடுவில் அவன் யோசிக்கிறான், தப்பு செய்கிறான், ஒரு சிநேகிதன் கை கொடுக்கிறான். படிக்கிற பிள்ளையும் கூடவே போய்விட்டுத் திரும்புகிறது. பூதம் எவ்வளவு பெரிசு என்பதை அதுவே தன் மனசில் வரைந்துகொள்கிறது. அதனால் தாங்கக்கூடிய அளவுக்குத்தான் வரையும். ரொம்பப் பயமாக இருந்தால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நாளைக்குப் படிக்கலாம். பயத்தின் குமிழ் பிள்ளையின் கையிலேயே இருக்கிறது.

தூக்கக் கணக்கும் இதில் சேர்த்திதான். 6 முதல் 12 வயதுவரை உள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட கணக்கு. பதினொன்றரை வரை திரையைத் தேய்த்துவிட்டு, காலை ஆறரைக்கு எழுந்திருக்கும் பிள்ளைக்கு எங்கிருந்து ஒன்பது கிடைக்கும்?

இனி நீதிக்கதை விஷயம். நீதிக்கதை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ‘ஆகவே குழந்தைகளே...’ என்று ஆரம்பித்ததும் கொட்டாவி விடாத பிள்ளையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இங்கிலாந்தில் 1862 ஜூலை 4-ம் தேதி, படகில் போகும்போது மூன்று சிறுமிகளுக்குப் பொழுது போவதற்காகக் கணக்கு வாத்தியார் ஒருவர் ஒரு கதை சொன்னார். 1865-ல் புத்தகமாக வந்தது. அதுதான் ஆலிஸ். முயல் கடிகாரம் பார்க்கிறது, பூனை மறைந்தபின்னும் அதன் சிரிப்பு மட்டும் நிற்கிறது. அதில் நீதி என்று ஒன்றைத் தேடினால் அகப்படாது. ஒரு கதாபாத்திரம் எல்லாவற்றிலும் நீதியைத் தேடிக்கொண்டே இருக்கும், அதையும் ஆசிரியர் கிண்டல்தான் செய்திருப்பார்! உலகம் முழுக்க இன்றைக்கும் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள்.

நம் வாண்டுமாமா மட்டும் லேசுப்பட்டவரா? 1925-ல் பிறந்து 2014-ல் மறைந்த அந்த மனிதர், ஆயுசு பூராவும் பிள்ளைகளுக்காகவே எழுதிக் குவித்தார். அவருடைய படக்கதை ஒன்றின் பெயர் ‘பலே பாலுவும் பறக்கும் டிராயரும்’. பெயரைக் கேட்டதுமே சிரிப்பு வருகிறதல்லவா? நாள் முழுக்க டிராயரும் பனியனும் தைக்கிற ஊரில், ‘எங்கம்மா தைச்ச டிராயர் பறந்தா எப்படி இருக்கும்?’ என்று ஒரு பிள்ளை கேட்டால், அதற்கு உடம்பும் மனசும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ‘கிறுக்கா உனக்கு?’ என்று தலையில் குட்டாதீர்கள். ‘எலாஸ்டிக் அறுந்தா கீழே விழுந்துருவானே!’ என்று ஒரு வார்த்தை கூடப் பேசுங்கள். அதற்குக் காசா, பணமா?

இவ்வளவும் சிரிப்புச் சமாச்சாரம். இனிச் சொல்லப்போவது அப்படியல்ல.

யெஸ். பாலபாரதி எழுதிய ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ என்ற சிறுவர் நாவலுக்கு 2020-ம் ஆண்டின் சாகித்திய அகாதமி பால புரஸ்கார் விருது கிடைத்தது. பழைய மரப்பாச்சிப் பொம்மை ஒன்று உயிர் பெற்றுச் சிறுமியோடு பேசுகிறது. மாயம், விளையாட்டு என்று போகும் கதைக்குள், பெரியவர்கள் தப்பாகத் தொடுவது பற்றிய பேச்சு வருகிறது. அம்மாவிடம் சொல்ல நாக்கு எழாத விஷயத்தைப் பொம்மையிடம் பேச முடிகிறது. இதை வெறும் நாவல் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. 2007-ல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12 ஆயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகளிடம் விசாரித்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளாகியிருந்தார்கள். பையன்களும்தான். பெரும்பாலோர் அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? ஒன்று, பயம். இன்னொன்று, அதைச் சொல்ல அவர்களிடம் வார்த்தை இல்லை. அம்மா அப்பா இல்லாத வீட்டில், காம்பவுண்டு லைனில் பத்துக் குடித்தனத்துக்கு நடுவே சாயங்காலத்தைக் கழிக்கிற பிள்ளைகள் நம் பக்கம் எத்தனை பேர்! ‘யாராவது தப்பாத் தொட்டாங்களா?’ என்று நேருக்கு நேர் கேட்டால் பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். ‘அந்த மரப்பாச்சி இடத்தில் நீ இருந்தா என்ன சொல்லியிருப்பே?’ என்று கேளுங்கள், வாய் திறக்கும். மந்திரவாதி, பூதம், ராட்சசப் பன்றி என்று கதையில் வருவதெல்லாம் பிள்ளைக்குப் பெயர் தெரியாத ஆபத்துகளுக்குப் பெயர் வைத்துக் கொடுக்கின்றன. ‘அந்த மாமாவைப் பார்த்தா பூதம் மாதிரி இருக்குதும்மா’ என்று ஒரு பிள்ளை சொன்னால் கதைப் புத்தகத்தைத் தூக்கி எறியாதீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேளுங்கள்.

அதற்காகப் புத்தகத்தை மருந்து என்று நினைத்துவிடக் கூடாது. நின்றுபோன படுக்கை ஈரம் திரும்ப ஆரம்பித்தால், ராத்திரி ராத்திரி அலறி எழுந்தால், குறிப்பிட்ட ஒருவர் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அடம் பிடித்தால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். தப்பு நடந்திருப்பதாகத் தெரிந்தால் 1098-க்குப் போன் செய்யலாம், காசு கிடையாது. 2012-ல் வந்த போக்சோ சட்டம் பிள்ளையின் பெயரை வெளியிடக் கூடாது என்கிறது. அதனால் ‘ஊருக்குத் தெரிஞ்சா மானம் போயிருமே’ என்று மூடி மறைக்க வேண்டியதில்லை.

"எல்லாஞ் சரிங்க, பத்து மணிக்கு வந்து சோறாக்கறதா, கதை படிக்கறதா?" என்று கேட்கிறீர்கள். நியாயம்தான். நீங்கள் படிக்க வேண்டாம், பிள்ளை படிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்கலாம். வலிக்கிற காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு கேட்கலாம். பத்து நிமிஷம், ஒரு அத்தியாயம். எழுத்துக் கூட்டித் திக்கினால் திருத்த வேண்டாம். முடிந்ததும் ‘இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?’ என்ற பரீட்சைக் கேள்வி மட்டும் கூடவே கூடாது! ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் முறை. பூதத்தின் குரலை அப்பா பேசினால்தான் வீட்டில் சிரிப்பு. தமிழ் படிக்கத் தடுமாறும் இங்கிலீஷ் மீடியம் பிள்ளைக்கு, முதல் இரண்டு பக்கத்தை நீங்கள் படித்துவிட்டு, சுவாரஸ்யமான இடத்தில் நிறுத்திவிடுங்கள். மிச்சத்தை அதுவே எழுத்துக் கூட்டும்!

சண்டை, சாகசம் பிடித்த பையனுக்கு வாண்டுமாமா. பழைய காலத்துக்குள் போய்விட்டு வர ஆசைப்படும் பிள்ளைக்கு உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’. கீழடியைச் சுற்றி நடக்கிற இந்தக் கதைக்கு 2023-ல் பால புரஸ்கார் கிடைத்தது. 2025-ல் அந்த விருதைப் பெற்ற விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’வும் நல்ல தேர்வு. ‘மரப்பாச்சி’யை மட்டும் பிள்ளையிடம் கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள், பிள்ளை கேள்வி கேட்டால் திணறாமல் பதில் சொல்லலாம். விலை போட்டு வாங்க முடியவில்லை என்றால் பக்கத்து நூலகத்தில் பிள்ளை பெயரிலேயே உறுப்பினராகச் சேருங்கள். கேட்கிற புத்தகம் அங்கே இல்லையென்றால் நூலகரிடம் பெயரை எழுதிக் கொடுங்கள். நாலு அம்மாக்கள் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. கம்பெனி வண்டியில் ஒன்றாகத்தானே போய் வருகிறீர்கள், அதிலேயே பேசி வைத்துக்கொள்ளலாம்.