நண்பருக்கு ஒரு கத்தி

பரிசு தேடுவது எளிதான காரியம் என்று எண்ணுவோர் பலர். கடைக்குப் போவது, கண்ணைக் கவர்ந்த ஒன்றைத் தெரிந்தெடுப்பது, வண்ணக் கடதாசியில் சுற்றுவிப்பது, கொண்டுபோய்க் கொடுப்பது, அவ்வளவுதானே என்பார்கள். அப்படிக் கொடுக்கப்பட்ட பொருள்களுள் எத்தனை நம் வீட்டுக் கண்ணாடி அலுமாரிகளில் உறை பிரிக்கப்படாமலே உறங்குகின்றன என்பதை எண்ணிப் பார்த்தால் உண்மை விளங்கும். எமது வீட்டில் மட்டும் மூன்று சுவர்க் கடிகாரங்களும் நான்கு தேநீர்க் கோப்பைத் தொகுதிகளும் இருக்கின்றன. கொடுத்தவர்களின் அன்பில் எமக்கு ஐயமில்லை. எம்மை நினைத்து வாங்கினார்களா, கடையில் அகப்பட்டதை வாங்கினார்களா என்பதிலேதான் ஐயம்.

இந்தப் பீடிகைக்குக் காரணம் உண்டு. அண்மையில் நாமும் ஒரு பரிசு தேடி அலைந்தோம். தேடிய பொருள் ஒரு கத்தி. வாசகர்கள் திடுக்கிட வேண்டா, விஷயத்தைச் சொல்லிவிடுகிறோம்.

எமக்கு நாற்பது ஆண்டுகளாக ஒரு நண்பர் உண்டு. கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். சென்ற ஆண்டு அவருடைய மனைவியார் காலமானார். பிள்ளைகள் இருவரும் கடல் கடந்த நாடுகளில் வாழ்கின்றனர். தம்மோடு வந்திருக்குமாறு அவர்கள் எவ்வளவோ வேண்டியும் நண்பர் தம் வீட்டை விட்டுப் போக இசையவில்லை. அடுக்களைப் பக்கமே சென்றறியாத அவர், அறுபத்தெட்டாவது வயதில் உலை வைக்கப் பழகிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மாலை அவரைக் காணச் சென்றபோது இடக்கைப் பெருவிரலில் சீலைக் கட்டுப் போட்டிருந்தார். பூசினிக்காய் வெட்டும்போது கத்தி வழுக்கிவிட்டதாம். அந்தக் கத்தியை வாங்கிப் பார்த்தோம். மனைவியார் முப்பது ஆண்டுகள் கையாண்ட கத்தி அது. தீட்டித் தீட்டி அலகு நடுவில் ஒடுங்கி, பிறைபோல வளைந்திருந்தது. அம்மையார் இருந்த காலத்தில் இரண்டு நாளைக்கு ஒருமுறை அம்மியின் ஓரத்தில் நாலு இழுப்பு இழுத்துக்கொள்வாராம். அவர் போனபின் அதைத் தீட்டுவார் இல்லை. வெறும் மொட்டைக் கத்தியாகிவிட்டது.

"வெட்டத் தெரியாதது என்ரை பிழை. கத்தியிலை ஒரு பிழையுமில்லை" என்றார் நண்பர்.

கத்தியைக் குறை சொன்னால் மனைவியைக் குறை சொன்னதாகும் என்று அவர் மனம் எண்ணியது போலும். நாம் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே, அடுத்த மாதம் வரும் அவருடைய பிறந்தநாளுக்கு என்ன கொடுப்பது என்பதை முடிவு செய்துவிட்டோம்.

முதல் தடை எமது வீட்டிலேயே எழுந்தது. "இஞ்சாருங்கோ, கத்தியைப் போய் ஆரும் பரிசாய்க் குடுப்பினமோ? சிநேகிதம் அறுந்து போகும்" என்றார் இல்லத்தரசியார்.

இந்த அச்சம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் இதே நம்பிக்கை உண்டு. அங்கே கத்தியைப் பெற்றவர் கொடுத்தவருக்கு ஒரு சிறு நாணயத்தைத் திருப்பிக் கொடுப்பார். அப்போது அது பரிசன்று, விலைக்கு வாங்கிய பொருள் என்றாகிவிடும், நட்பும் பிழைத்துக்கொள்ளும். ஜப்பானியர் திருமண வீட்டில் 'வெட்டு' என்ற சொல்லையே தவிர்ப்பர். ஆயினும், கத்தி தடைகளை அறுத்து வழியைத் திறந்து விடுவது என்று பொருள்கொண்டு அதைப் பரிசளிப்போரும் அவர்களுள் உளர். பின்லாந்திலோ 'பூக்கோ' எனப்படும் சிறு கத்தியைப் பரிசாகப் பெறுவது நன்மதிப்புக்கும் நம்பிக்கைக்கும் அடையாளம். நம் முதியோர் கத்தியைக் கைக்குக் கை கொடாமல் கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் செய்வர். கை மாறும் வேளையில் விரல் வெட்டுப்படக்கூடும் என்பதை எண்ணும்போது, அவ்வழக்கத்தில் நல்லறிவும் இருக்கக் காண்கிறோம். ஐரோப்பியரின் நாணய உபாயத்தை எடுத்துச் சொன்னபின் வீட்டுத் தடை நீங்கிற்று.

அடுத்தது கடைத்தெரு. முதலிற் புகுந்த கடையில் பன்னிரண்டு கத்திகள் அடங்கிய ஒரு பெட்டியைக் காட்டினர். ஒவ்வொன்றும் கண்ணாடிபோலப் பளபளத்தது. விலையும் அதிகமன்று. இங்கேதான் பலர் தவறுகின்றனர். ஒரு சமையலறைக்குப் பன்னிரண்டு கத்திகள் வேண்டியதில்லை. நடுத்தர அளவினதாக ஒன்று, உரிப்பதற்கும் சீவுவதற்கும் சிறியதாக ஒன்று, இவ்விரண்டுமே நாள்தோறும் கைக்கு வருவன. பன்னிரண்டுக்குப் பகிர்ந்த பணத்தை ஒன்றிற் போட்டால் அந்த ஒன்று நெடுங்காலம் உழைக்கும்.

அப்படியானால் அந்த ஒன்றை எவ்வாறு தெரிவது? மாணவர்களும் அறிந்துகொள்ளத் தக்க விஷயமாதலால் சற்று விரித்துரைப்போம்.

கத்திக்கு உயிர் உருக்கு. இரும்போடு சிறிதளவு கரி சேர்ந்ததே உருக்கு. அதைச் செந்தழலிற் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் கடினமாகும். பின்னர் இளஞ்சூட்டில் மறுபடி காய்ச்சினால் உடையாத உறுதி பெறும். இக்கலையில் இலங்கையும் பின்தங்கியிருக்கவில்லை. பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பகுதியில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் பழைய இரும்புலைகள் பலவற்றை ஆய்வாளர் கண்டறிந்தனர். அவை கி.பி. 7 ஆம் நூற்றாண்டு முதல் 11 ஆம் நூற்றாண்டு வரை இயங்கியவை. துருத்தியின் வேலையைத் தென்மேற்குப் பருவக்காற்றே செய்தது! அத்தகைய உலையொன்றை 1994 ஆம் ஆண்டில் அமைத்து உருக்கிப் பார்த்து, கரி மிகுந்த உருக்கை அதிலே பெற முடியும் என்று மெய்ப்பித்தனர்.

இன்றும் நம் ஊர்க் கொல்லர்கள் கரியுருக்கிலேயே கத்தி அடிக்கின்றனர். பழைய லொறிகளின் வில்லுத்தகடு அதற்கு ஏற்றது. எமக்குத் தெரிந்த கொல்லர் ஒருவரின் பட்டறையில் அவ்வாறு அடித்த கத்தியொன்றைக் கையிலெடுத்தபோது வைக்க மனம் வரவில்லை. கூர் எளிதில் ஏறும். ஆனால் அதற்கொரு குணம் உண்டு. தேசிக்காய், மாங்காய், புளி என்பவற்றின் புளிப்புப் பட்டால் கறுக்கும். ஈரத்தோடு வைத்தால் மறுநாளே துரு ஏறும். வெட்டி முடித்தவுடன் கழுவித் துடைத்து, இடைக்கிடை தேங்காயெண்ணெய் பூசுபவரிடமே அது நிலைக்கும்.

கடைகளில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' எனப்படும் துருவேறா உருக்கு வேறு வகையினது. இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் ஹரி பிரெயர்லி என்பவர், துப்பாக்கிக் குழல்கள் விரைவில் தேயாதிருக்க ஓர் உருக்குத் தேடியபோது, 1913 ஆம் ஆண்டில், நூற்றுக்கு 12.8 பங்கு குரோமியம் கலந்த உருக்கை வார்த்தார். அது எளிதில் துருப்பிடிக்கவில்லை. அவ்வுருக்கில் முதன்முதல் செய்த கத்திகள் நன்றாக வெட்டாமையால் பலர் நகைத்தனராம். இன்று அந்நிலை இல்லை. நல்ல துருவேறா உருக்குக் கத்திகள் கூரை நெடுநாள் தாங்குகின்றன. ஜெர்மனியின் சோலிங்கன் நகரப் பெயரைக் கத்தியிற் பொறிக்க வேண்டுமாயின், அதன் முக்கிய வேலைகள் அந்நகர்ப் பகுதியிலேயே நடந்திருக்க வேண்டும் என்று 1938 ஆம் ஆண்டு முதல் சட்டமே இருக்கிறது. ஜப்பானியக் கத்திகள் பல அவற்றினும் கடினமானவை, மெல்லியவை, மிகக் கூரியவை. ஆனால் மீன் முள்ளிலும் எலும்பிலும் பட்டால் அவற்றின் விளிம்பு தெறிக்கக்கூடும். தேங்காயைக் கத்தி முதுகால் உடைக்கும் நம் வழக்கம் அவற்றுக்கு ஆகாது.

நிற்க. எமது மனம் கொல்லரின் கத்தியையே நாடியது. ஆனால் பரிசு எமது மனத்துக்கு அன்று, நண்பரின் கைக்கு. அவரோ சமையலுக்குப் புதியவர். அடுப்பில் கறி தீய்ந்து மணக்கும்போது, கத்தியைப் போட்டுவிட்டு ஓடுவார். துடைத்து எண்ணெய் பூச அவருக்கு நினைவிராது. துருவேறிய கத்தியைக் கண்டால் அதுவும் தம் பிழையென்றே வருந்துவார். ஆகவே துருவேறா உருக்கே தகும் எனத் துணிந்தோம்.

பிடியையும் பார்த்தோம். அலகு பிடிக்குள் நெடுகச் சென்று, தறையாணிகளால் இறுக்கப்பட்டிருந்தால் ஆட்டங் காணாது. பிடியில் இடைவெளி இருந்தால் அழுக்குச் சேரும். வெண்காயம் அரியும்போது விரல் மொளிகள் பலகையில் இடியாதிருக்கப் பிடிக்குக் கீழே இடம் வேண்டும். நண்பருடைய கை சிறியது. எட்டங்குல அலகு அவருக்கு வாளாகத் தோன்றும். ஆறங்குலமே போதும். இவற்றையெல்லாம் நோக்கி, அலங்காரம் ஒன்றுமில்லாத ஒரு கத்தியைத் தெரிந்தெடுத்தோம்.

அத்தோடு மற்றொன்றையும் வாங்கினோம். அதுதான் சாணைக்கல். எமது கருத்தில் பரிசின் பாதி அதுவே. எந்த நாட்டு உருக்காயினும், எவ்வளவு விலை கொடுத்ததாயினும், தீட்டாத கத்தி மொட்டையாகியே தீரும். மொட்டைக் கத்தி கூரிய கத்தியினும் ஆபத்தானது. ஏனெனில் அதற்குக் கூடிய பலம் கொடுத்து அழுத்த வேண்டும்; அழுத்தும்போது காயில் இறங்காமல் வழுக்கும்; வழுக்கினால் விரலிற் பாயும். நண்பரின் பெருவிரல் இதற்குச் சாட்சி.

பிறந்தநாளன்று பொதியைப் பிரித்த நண்பர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பழைய கத்தி தொங்கிய ஆணியை ஒருமுறை பார்த்தார். நாம் செய்தது தவறோ என்று எமக்குள்ளே ஒரு கலக்கம். கத்தியைப் பற்றிப் பேசாமல் கல்லைக் கையிலெடுத்தோம். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நுண்மை. நீரில் ஊறவைத்து, ஈரத்துணியின்மேல் அசையாமல் வைத்து, அலகைச் சாய்த்து இழுக்க வேண்டும் என்று சொன்னோம்.

"எத்தினை பாகை சாய்க்க வேணும்?" என்றார் நண்பர். ஆசிரியர் விழித்துக்கொண்டார்!

"செங்கோணத்தைப் பாதியாக்கும், அதை மறுபடியும் பாதியாக்கும். அதிலும் கொஞ்சம் குறையட்டும்" என்றோம்.

"இருபத்திரண்டரையிலும் குறைய. அப்ப இருபது எண்டு வைப்பம்" என்று கூறி மேசையருகே அமர்ந்துவிட்டார். இரு பக்கமும் ஒரே சாய்வு, ஒரே எண்ணிக்கை, அலகின் அடி முதல் நுனி வரை ஒரே அழுத்தம். கூரைப் பெருவிரலால் தடவிப் பார்க்கலாகாது; கடதாசியையோ தக்காளிப் பழத்தையோ வெட்டிப் பார்ப்பதே முறை என்பதையும் சொல்லிவைத்தோம். புதிய கத்திக்கு அன்று தீட்டல் வேண்டியிருக்கவில்லை. அவர் தீட்டத் தொடங்கியது ஆணியில் தொங்கிய பழைய கத்தியை.

விடைபெறும்போது, நாம் சொல்லாமலே சட்டைப் பையிலிருந்து ஓர் ஐந்து ரூபாக் குற்றியை எடுத்து மேசைமேல் வைத்தார். "இந்தாரும், கத்தி விலை. உம்மோடை நாற்பது வருஷச் சிநேகிதம். அதிலை விஷப்பரீட்சை செய்ய நான் ஆயத்தமில்லை" என்றார். மனைவியார் மறைந்தபின் அவர் பகிடி பேசி நாம் கேட்டது அன்றுதான்.

இரண்டு கிழமை கழித்து மதிய உணவுக்கு அழைப்பு வந்தது. சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, தேங்காய்ச் சம்பல். கறியில் உப்புச் சற்றுக் கூடுதல்தான். ஆனால் வாழைக்காய்த் துண்டுகள் யாவும் அடிமட்டம் வைத்து அளந்தாற்போல ஒரே அளவு! அடுக்களையை எட்டிப் பார்த்தோம். சுவரில் ஓர் ஆணிக்கு இரண்டு ஆணிகள். புதியது காய்கறிக்கு, பழையது வெண்காயத்துக்கும் மிளகாய்க்கும். "இரண்டுக்கும் வேலை பிரிச்சுக் குடுத்திருக்கிறன்" என்றார். பெருவிரலிற் கட்டு இல்லை.

கத்தி கொடுக்க விரும்பும் அன்பர்களுக்குச் சில வார்த்தை. சிறுவர் உள்ள வீடாயின் எட்டாத உயரத்தில் வைக்க வழியுண்டா என்று கேட்டறிந்து கொடுங்கள். வெட்டும் பலகை மரத்தினதாக இருக்கட்டும். கண்ணாடித் தட்டும் பீங்கானும் கூரை அழிக்கும். பிறநாட்டிலுள்ள நண்பருக்குக் கொண்டு செல்பவர்கள், விமானத்தில் கைப்பையிலன்றிப் பெரிய பெட்டியில் வைத்துக் கட்டுங்கள். யாவற்றுக்கும் மேலாக, கடைக்குச் செல்லுமுன் அந்த நண்பரின் அடுக்களைக்கு ஒருமுறை சென்று வாருங்கள். எதை வாங்கவேண்டும் என்பது அங்கேதான் தெரியும்.

ஐந்து ரூபாக் குற்றி எமது மேசை லாச்சியில் இருக்கிறது. அதைச் செலவழிக்க எமக்கு மனமில்லை.